வீடு ரெடி

ஸெய்னுதீனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஒரு சொல் தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருசம் தொழில் செய்து, கலியாணம் முடித்து, பிள்ளை வளர்த்து, ஊருக்குள் மரியாதையோடு நடமாடுகிறார். அகராதியை முழுசாகப் பாடமாக்கிய எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கிறது?

அந்தச் சொல் ரெடி.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், மீன்பிடிப் படகுகள் கட்டும் கரைக்கு எதிரே, ஒரு தகரக் கொட்டகையில் அவர் படகு எஞ்சின் திருத்துகிறார். பெயர்ப்பலகை கிடையாது. கழற்றிப் போட்ட எஞ்சின்கள் வாசல் வரைக்கும் வந்து தாங்களாகவே விளம்பரம் செய்கின்றன. போன் அடிக்கும். படகுக்காரர் கேட்பார்:

"ஸெய்னு நானா, எஞ்சின் எப்பிடி?"

"ரெடி தம்பி."

அந்த நேரம் எஞ்சின் நாலு துண்டாகச் சாக்கின்மேல் படுத்திருக்கும். அதற்காக அவர் பொய் சொன்னார் என்று யாரும் நினைக்கக்கூடாது, படகுக்காரரே நினைப்பதில்லை. உன் எஞ்சினை நான் மறக்கவில்லை, கடலில் தூக்கி எறியவுமில்லை, மனம் நோகாதே என்பதுதான் அந்த ரெடியின் பொருள். படகுக்காரரும் அதைச் சரியாக விளங்கிக்கொண்டு, பாலில்லாத பிளேன்டி ஒன்று குடித்து, இரண்டு பேரோடு கதைத்து, ஆறுதலாகத்தான் கிளம்புவார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் சந்தியில் கேட்டதும் ஸெய்னுதீன் வேலையைத் தொடங்குவார். ஆள் வந்து நிற்கும்போது கையில் ஸ்பனரும் நெற்றியில் கிரீஸும் இருக்கும்.

"இன்னும் ஒரு பிளக் மட்டும்தான் தம்பி. ரெடி."

இது வேறு ரெடி. முதலாவதைவிடக் கொஞ்சம் முற்றியது.

வீட்டிலும் இதே கதைதான். கலியாண வீட்டுக்குப் போக மனைவி பல்கீஸ் சேலையும் கட்டி வாசலில் நின்று கூப்பிட்டால், குளியலறைக்குள் சவர்க்காரத்தைத் தேடிக்கொண்டே "ரெடி" என்பார். ஒருமுறை தாதி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு "ரெடியா ஐயா?" என்று கேட்டபோது, "ரெடி" என்று சொல்லிக்கொண்டே கதவு வரைக்கும் போய்விட்டார்.

மகள் றிஷானா இதையெல்லாம் எண்ணி வைத்திருந்தாள். அவளுக்கு உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின் வரவேற்பில் வேலை. நாள் முழுக்க வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷில் கதைத்துவிட்டு வருபவள்.

"வாப்பாட ரெடியில ஏழு வகை இரிக்கி. ஏழாவதுதான் உண்மையான ரெடி. அத நான் இன்னும் கேக்கல்ல" என்பாள். "வெள்ளைக்காரன் ரெடி எண்டா வேலை முடிஞ்சிட்டு எண்டு மட்டும்தான் அர்த்தம் வாப்பா."

"பாவம், அவனுகளுக்கு ஒரு அர்த்தம்தான். நம்மளுக்கு ஏழு. மகள், இப்ப ஆரு பணக்காரன்?"

அவள் சிரித்துவிடுவாள். மகளைச் சிரிக்க வைத்துவிட்டால் அந்த விசயம் முடிந்தது என்பது ஸெய்னுதீனின் நம்பிக்கை.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அதனால் பெண்பிள்ளை பிறந்த வாப்பாமார் தொட்டில் வாங்குகிற கையோடு சீமெந்து விலையும் கேட்டு வைப்பார்கள். ஸெய்னுதீனும் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், தாங்கள் இருக்கிற வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, றிஷானா ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது அத்திவாரம் போட்டார். அவள் சாதாரண தரப் பரீட்சை எடுத்தபோது சுவர் எழும்பியது. அவள் உயர்தரம் பாஸ் பண்ணினாள். வீடு பண்ணவில்லை. அவளுக்கு இப்போது இருபத்தைந்து; வீடு இன்னும் அதே வகுப்பில் இருக்கிறது. யாராவது கேட்டால் மட்டும், ரெடி.

நகரத்தில் நடந்த ஒரு மாலை நேர வகுப்பில் றிஷானாவுக்கு நஸ்ரியைத் தெரியவந்தது. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் டக் படகில் வேலை செய்கிற பொடியன். அதிகம் கதைக்கமாட்டான், சொன்னால் செய்வான். இருவரும் ஒளித்து மறைக்காமல் இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். பேச்சு நடந்தது. அடுத்த மாதக் கடைசியில் நிக்காஹ் என்று முடிவாயிற்று. ஸெய்னுதீனுக்கு நஸ்ரியைப் பிடித்திருந்தது. நஸ்ரியின் உம்மா ஜெஸீமாவைக் கண்டால்தான் பயம்.

ஜெஸீமா புருசனை இழந்தபின் தனியாக மூன்று ஆண்பிள்ளைகளை வளர்த்தவர். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கன்டீன்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கிறவர். காலை ஆறு மணிக்கு முந்நூறு இடியப்பம் போய்ச் சேரவேண்டும் என்றால் ஐந்து ஐம்பதுக்குப் போய்விடும். சாமான் வேனில் ஏறும்வரைக்கும் "ஆச்சா?" என்று யார் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் இல்ல." மூத்த மகனுக்கு நிச்சயமாகியிருந்த ஒரு கலியாணத்தை, பெண் வீட்டார் காட்டிய வீடு வேறு யாருடையதோ என்று தெரிந்ததும், அழைப்பிதழ் அச்சான பிறகும் நிறுத்தியவர். இது ஊருக்கே தெரியும்.

அந்த ஜெஸீமா ஒரு திங்கட்கிழமை கொட்டகைக்குப் போன் எடுத்தார்.

"தம்பி ஸெய்னுதீன், வீட்டு வேலை எந்தளவுல இரிக்கி?"

"ரெடி ராத்தா."

நாக்கு அவரிடம் அனுமதி கேட்கவில்லை. முப்பது வருசப் பழக்கம். கேள்வி வந்தது, பதில் போயிற்று.

"மாஷா அல்லாஹ். அப்ப வெள்ளிக்கிழம மூணு மணிக்கி வந்து பாக்குறம்."

போனை வைத்த பிறகு ஸெய்னுதீன் வீட்டை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னறைக்குக் கூரை இருந்தது. பின்பக்கத்து இரண்டு அறைக்கும் இல்லை. பூச்சு பாதி. கரண்ட் இல்லை. சமைப்பதற்கென்று விட்டு, குசினி என்று அவர் சொல்லும் இடத்தில் பக்கத்து வீட்டு ஆடு படுக்கிறது.

அன்று பின்னேரம் விசயத்தைக் கேட்டதும் றிஷானா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"வாப்பா, இது எத்தனையாவது ரெடி?"

"அஞ்சு மகள். சாமான் இரிக்கி, ஆள் இல்ல."

அவள் சிரிக்கவில்லை.

"மாமிக்கி நான் போன் எடுத்து உள்ளத சொல்லவா?"

"வாணாம், வாணாம். நாலு நாள் இரிக்கி. நாப்பது குதிரை எஞ்சின நாலு மணித்தியாலத்துல கழட்டிக் கூட்டினவன் நான்."

"வீடு எஞ்சின் இல்ல வாப்பா. அவங்க வாறத்துக்கு முந்தி நீங்களே சொல்லிருங்க. சொல்லுவீங்களா?"

"ரெடி" என்றார் ஸெய்னுதீன். அது முதலாவது வகை.

எஞ்சினை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இறக்கி, ஒரே இழுவையில் உறுமவிட்டு, ஐந்து நிமிசம் புகை காட்டினால் ஆள் குளிர்ந்துபோவான். உள்ளே மிச்சமிருக்கும் வேலையை அடுத்த நாள் அதிகாலையில் கரைக்கே போய், காசு கேட்காமல் செய்துகொடுப்பார். அதனால்தான் யாரும் அவரை விட்டுப் போவதில்லை. அதே முறையில் வீட்டையும் ஐந்து நிமிசம் உறுமவிட்டால் போதும், மிச்சத்தை நிக்காஹுக்கு முன் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். கணக்கு அவருக்கே மிகவும் பிடித்துவிட்டது.

மேசன் முனீப் வந்தான். முகப்புச் சுவருக்கு இளம்பச்சை அடித்தார்கள். பக்கச் சுவர் ரோட்டுக்குத் தெரியாது, விட்டுவிட்டார்கள். முன்னறைக்கு இரண்டு மின்விளக்கு, பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் இழுத்த வயரில். பின்னறைகளுக்குக் கதவு போட்டுப் பூட்டி, "சாவி மேசன்ட்ட" என்று சொல்வதாகத் திட்டம். குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி, வெள்ளி நிறத்தில் இரண்டு குழாயைச் சுவரில் சீமெந்து வைத்துப் பதித்தார்கள்.

முனீப் கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "நானா, குழாய்க்குப் பின்னால பைப் வராதா?"

"வரும். பிறகு வரும்."

"இது வீடா, நாடகமா நானா?"

"நீ சீமெந்தப் பூசு. வசனம் நான் பேசுறன்."

வெள்ளிக்கிழமை சரியாக மூன்று மணிக்கு ஜெஸீமாவின் வேன் வந்து நின்றது. நஸ்ரி ஓட்டிவந்தான். ஜெஸீமா குடையை மடக்கிக் கதவோரம் சாத்தினார், உள்ளே வந்தார், சுவரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பின்னறைக் கதவைப் பார்த்தபோது ஸெய்னுதீன் வசனத்தைப் பேசினார். ஜெஸீமா பூட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

பல்கீஸ் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வைத்தாள். தேநீரைப் பழைய வீட்டிலேயே ஊற்றிப் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்தாள். றிஷானா தட்டத்தை ஏந்திக்கொண்டு மாமிக்குப் பக்கத்தில் நின்றாள். ஜெஸீமா வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, "கருப்பட்டி நல்லம்" என்றார். இடியப்பக்கார ஜெஸீமாவின் வாயிலிருந்து இது வந்தால் வேறு ஒருவர் வெடி கொளுத்தியதற்குச் சமன். ஸெய்னுதீன் முதுகை நிமிர்த்தினார். காலுக்குமேல் கால் போட்டார். "பின்னுக்கு ஒரு போர்ட்டிகோவும் எடுக்கத்தான் யோசின" என்று, கேட்காத கேள்விக்கும் ஒரு பதிலைத் தூக்கிப் போட்டார்.

அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்டது.

ஜெஸீமா கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். "வுழு செய்யணும். குளியலறை எங்கால புள்ள?"

ஸெய்னுதீனின் கால் தானாகக் கீழே இறங்கியது.

ஒரு நாளைக்கு ஐந்து முறை தொழுகைக்காகக் கையும் காலும் கழுவுகிற மனிதர் அவர். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பள்ளிக் குழாயிலேயே வுழு செய்து பழகியவர். பெண்கள் தொழுவது வீட்டில், அதற்குத் தண்ணீரும் வீட்டில்தான் வேண்டும் என்பது நாலு நாளாக அந்த மண்டைக்குள் ஒருதரம்கூட எட்டிப்பார்க்கவில்லை. அவருக்கும் வரவில்லை, முனீபுக்கும் வரவில்லை. பல்கீஸைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். பல்கீஸ் கேட்டதற்கோ, "தண்ணியெல்லாம் ரெடி" என்று சொல்லி வாயை அடைத்தவர் அவரேதான்.

குளியலறைக் கதவு சாத்தியது. குழாய் திருகும் சத்தம் கேட்டது. பிறகு மற்றக் குழாய். பிறகு ஏதோ உதிர்ந்து விழும் சத்தம்.

கதவு திறந்தது. ஜெஸீமாவின் கையில் ஒரு குழாய் இருந்தது; அதன் அடியில் ஒரு கட்டி சீமெந்து.

"தம்பி, இது கையோட வந்திட்டு."

நஸ்ரி தன் செருப்பைப் பார்த்தான்.

"வீடு ரெடி எண்டீங்க" என்றார் ஜெஸீமா. சத்தம் உயரவில்லை. அது இன்னும் மோசம்.

ஸெய்னுதீனிடம் மூன்று பதில் இருந்தது. இண்டைக்கு ஊருக்கே தண்ணி வெட்டு. மோட்டர் நேத்துத்தான் எரிஞ்ச. முனீப் ஒரு உருப்படாதவன். மூன்றும் நல்ல பதில்கள். கிண்ணியா முழுக்க எவரும் நம்பக்கூடிய பதில்கள். எதை எடுப்பது என்று யோசிக்கும்போது கண் மகளிடம் போயிற்று. றிஷானா அவரைப் பார்க்கவில்லை. மாமியின் கையிலிருந்த குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாப்பாவின் ரெடியை எண்ணி எண்ணிச் சிரித்த பிள்ளைக்கு இப்போது சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளை அப்படி நிற்கவைத்துவிட்டு இன்னொரு பகிடி விட அவருக்கு மனம் வரவில்லை.

அந்தச் சொல் பல்லுவரைக்கும் வந்தது. விழுங்கினார்.

"இல்ல ராத்தா. ரெடி இல்ல."

சொன்ன பிறகு அவருக்கே விசித்திரமாக இருந்தது. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

"தண்ணி இல்ல. குழாய்க்குப் பின்னால பைப் இல்ல. கரண்ட் பக்கத்து வீட்டான்ட. பின்னுக்கு ரெண்டு அறைக்கும் கூரை இல்ல, சாவியும் மேசன்ட்ட இல்ல, என்ட சாரத்து மடியில இரிக்கி. பெயின்ட் முன்னுக்கு மட்டும்தான். யன்னல் கேட்டின் துணியும் இரவல். இந்தக் கதிரை நாலும்..."

"கதிரை எங்கட" என்றாள் பல்கீஸ் அவசரமாக.

"கதிரை எங்கட" என்று அவரும் ஒத்துக்கொண்டார். "போர்ட்டிகோ கதை இப்ப இருந்த இடத்துல வந்த. எல்லாம் நான் செஞ்ச வேலை ராத்தா. புள்ள உங்கள்ட்ட உள்ளத சொல்லப்போறன் எண்டு நிண்டவள். நான்தான் விடல்ல. கோவமெண்டா என்னோட கோவப்படுங்க. அவளோட வாணாம்."

ஜெஸீமா குழாயைக் கதிரைமேல் வைத்தார். "அஸருக்கு நேரம் போகுது. முதல்ல தண்ணி."

றிஷானா தட்டத்தை வைத்துவிட்டு வாளியோடு பின்வளவுக் கிணற்றுக்கு ஓடினாள். ஆண்கள் இருவரும் பள்ளிக்கு நடந்தார்கள். 

ஒழுங்கையில் பாதித் தூரத்தில் ஸெய்னுதீன் கேட்டார்: "மகன், உம்மா இப்ப என்ன சொல்லுவா?"

"தெரியா மாமா. உம்மா ஒண்டையும் முன்கூட்டிச் சொல்லமாட்டா."

"நீங்க?"

"எனக்கு வீடு கூரையோடயா இல்லாமயா எண்டு பெரிசா இல்ல" என்றான் நஸ்ரி. பிறகு கொஞ்சம் யோசித்து, "மழ வந்தா பெரிசா இரிக்கும்" என்றான்.

திரும்பி வரும்போது பின்னறைக் கதவு திறந்திருந்தது. அவர் போகிற அவசரத்தில் மேசையில் வைத்துவிட்டுப் போன சாவியை பல்கீஸ் எடுத்திருந்தாள். கூரையில்லாத அறையின் நடுவில் பாய் விரித்து ஜெஸீமாவும் றிஷானாவும் தொழுது முடித்துக் குந்தியிருந்தார்கள். தலைக்கு நேரே வானம். சுவருக்குமேல் ஒரு காகம் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இஞ்ச வாங்க தம்பி" என்றார் ஜெஸீமா. ஸெய்னுதீன் வாசலில் நின்றார். "மூத்தவன்ட கலியாணத்த நான் ஏன் நிப்பாட்டினன் தெரியுமா? வீடு இல்லாததுக்கு இல்ல. அவங்க கடைசி மட்டும் இரிக்கி இரிக்கி எண்டே நிண்டாங்க. சட்டத்தரணி காயிதத்தக் காட்டின பிறகும் இரிக்கி எண்டாங்க. அப்பிடியான ஆக்களோட நாளைக்கி ஒரு வருத்தம், ஒரு சாவு, மௌத்து எண்டு வந்தா என்னத்த நம்புற?"

"ஓம் ராத்தா."

"நீங்க பொய்ய குழாயோட நிப்பாட்டிட்டீங்க. அது எனக்குக் காணும். ஆனா நிக்காஹ் அடுத்த மாசம் ஏலா. வீடு முடியட்டும், பிறகு பாப்பம்."

"மாமி" என்றாள் றிஷானா. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். குரல் ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறவளின் குரலாக இருந்தது. மரியாதை உண்டு, வழிவிடும் எண்ணம் இல்லை. "கோவிக்காதீங்க. வாப்பா வீட்ட முடிக்கிற வரைக்கும் நான் காத்திருந்தா, எனக்கும் இவருக்கும் பென்சன் வந்துரும். முன்னறைக்குக் கூரை இரிக்கி. ரெண்டு பேரும் உழைக்கிறம். மிச்சத்த நாங்களும் சேர்ந்து கட்டுறம். திகதிய மாத்த வாணாம்."

ஸெய்னுதீன் இதைக் குறையாகவும் எடுக்கலாம், புகழாகவும் எடுக்கலாம். அவர் புகழாக எடுத்துக்கொண்டார்.

ஜெஸீமா மகனைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு?"

"முன்னறை காணும் உம்மா."

ஜெஸீமா தலையை நிமிர்த்தி வானத்தையும் காகத்தையும் பார்த்தார்.

"கூரை உங்கட விருப்பம்" என்றார் ஜெஸீமா கடைசியில். "தண்ணி என்ட விருப்பம். மருமகள்ற வீட்டுக்கு வந்துட்டு வுழு செய்ய வாளியோட கிணத்தடிக்கு ஓடுற வயசு எனக்கு இல்ல. நிக்காஹுக்கு முந்தி குழாயில தண்ணி வரணும். எப்ப வரும் தம்பி?"

எல்லோரும் ஸெய்னுதீனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், விரல்களை மடக்கத் தொடங்கினார். கிணற்றடியிலிருந்து குளியலறைவரை பைப் புதைக்க நீளக் கிடங்கு வெட்டவேண்டும். பைப். மோட்டர். மேலே தண்ணீர்த் தாங்கி வைக்க ஒரு தட்டு. முனீபின் மச்சானுக்குக் கலியாணம், மூன்று நாள் போகும். வாழ்க்கையில் ஒரு வேலையை அவர் இப்படித் தொடங்குவதற்கு முன்னால் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ண எண்ண அது நீண்டுகொண்டே போனது.

"இருவத்திரெண்டு நாள்" என்றார். நஸ்ரி அவரைப் பார்த்த பார்வையில், "இருவத்தஞ்சு" என்று திருத்தினார்.

"முப்பதெண்டு வெச்சிக்கொள்ளுறன்" என்றார் ஜெஸீமா. "நிக்காஹுக்கு அஞ்சு கிழம இரிக்கி. முப்பத்தோராம் நாள் நான் வந்து தொழுவன்."

றிஷானா சுருட்டிய பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். அங்கே படுத்திருந்த ஆட்டிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜெஸீமா வேனில் ஏறிய பிறகு, ஸெய்னுதீன் பின்வளவுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தார்.

"அந்தச் சேட்டோடயா?" என்று பல்கீஸ் கத்தினாள். "வெள்ளிக்கிழம போடுற சேட்டு! நாளைக்கி தொடங்கினா என்ன?"

கிணற்றடியில் முதல் வெட்டு விழுந்தது. மணல்பாங்கான மண், லேசாக இளகியது. நாலாவது வெட்டில், வளவின் மற்றப் பக்கத்தில் இன்னொரு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நஸ்ரி காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு குளியலறைச் சுவரடியிலிருந்து தொடங்கியிருந்தான்.

"நஸ்ரி, போகல்லயா?" என்று வேனுக்குள்ளிருந்து ஜெஸீமா கூப்பிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா."

ஜெஸீமா வேன் கதவைத் திறந்து வைத்தபடி, றிஷானாவிடம் பிளாஸ்கில் மிச்சமிருந்த தேநீரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பொழுது சாயும் மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் பல்கீஸ் வந்து, "எவ்வளவு ஆச்சி?" என்று கேட்டாள். ஸெய்னுதீன் மண்வெட்டியைக் கிடத்திவிட்டு, தன் கிடங்கிலும் நஸ்ரியின் கிடங்கிலும் இறங்கி, முனையிலிருந்து முனைவரை அடி அடியாக நடந்து பார்த்தார். திரும்பவும் ஒருதரம் நடந்தார்.

"பதினொரு அடி" என்றார். "இன்னும் முப்பத்தி நாலு இரிக்கி."